கித்தானுக்கு இந்தப் பக்கம்

லாரிப் படுதாவின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி, வெயிலுக்கு எதிரே விரித்துக்கொண்டு நிற்பார் கண்ணாயிரம். மரத்தடியில் உட்கார்ந்து படுதா தைப்பது அவர் தொழில். எங்கெங்கே ஓட்டை என்று பார்க்க அவருக்கு அதுதான் வழி. ஓட்டை இருக்கும் இடத்திலெல்லாம் வெயில் பொட்டுப் பொட்டாக அவர் முகத்தில் விழும். ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு பேர் வைத்திருக்கிறார். "இது எலி வாயி. இது ஆணி வாயி. தோ, இது பீடி வாயி. கிளீனரு மேல படுத்துகினே குடிச்சிகிறான்." லாரிக்காரர் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார். பூஞ்சேரி கூட்டு ரோட்டில் எதிர்ச்சாரியில் இட்லிக் கடை வைத்திருந்த எனக்கு, காலையில் சுவாமி படத்துக்கு அடுத்தபடி கண்ணில் படுவது இந்தக் காட்சிதான்.

ஒருநாள் அவர் படுதாவைத் தூக்கிப் பிடித்தது ஓட்டை பார்க்க அல்ல. என் கடையை ஒட்டிய பஸ் நிறுத்தத்தில் கம்பெனி வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். வெளிர் மஞ்சள் சுடிதார். பின்பக்கம் கறை பட்டிருப்பது அவளுக்குத் தெரியவில்லை. என் கடை பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பையன்கள் ஒருவனை ஒருவன் இடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். நான் கரண்டியை வைத்துவிட்டு எழுந்திருப்பதற்குள் கண்ணாயிரம் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார், தோளில் ஈரப் படுதாவோடு. "தள்ளுப்பா, தள்ளு. சட்டையெல்லாம் தார் ஒட்டிக்கும்." பெஞ்சுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் படுதாவை விரித்துப் பிடித்துக்கொண்டார். அவள் பக்கம் முதுகு, பையன்கள் பக்கம் முகம்.

"இன்னா அண்ணாத்த, கடைக்குள்ள வந்து காயப் போடற?" என்றான் ஒருவன்.

"வெயிலு இங்கதான் கீது. உன் டீயக் குடி."

அந்தப் பெண்ணைப் பின்வழியாக உள்ளே கூட்டிப்போய் என் புடவை ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். அவள் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போகும் வரைக்கும் அவர் கையை இறக்கவில்லை. பிறகு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "டீ போடறியா இல்லியா யக்கா" என்று தன் டம்ளரை நீட்டினார்.

அந்த டம்ளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடியில் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேதான் டீ குடிக்க வருவார். என் கடையில் எல்லாருக்கும் ஒரே கண்ணாடி கிளாஸ்தான். நான் சொல்லியும் பார்த்தேன். "உன் கிளாசு சின்னதா கீது யக்கா, எனக்குப் பத்தாது" என்றார். கிளாஸில் கொள்வதைவிடக் குறைவாகத்தான் அந்த டம்ளரில் கொள்ளும். ஊற்றுகிற எனக்குத் தெரியாதா?

கண்ணாயிரத்தின் சுபாவம் அது. யாராவது ஒதுங்கச் சொல்வதற்கு முன்னால் தானே ஒதுங்கிக்கொள்வார். ஒதுங்கியது தன் இஷ்டம்தான் என்பது போல ஒரு காரணமும் தயாராக இருக்கும். என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டேன். வந்தார். பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டு, "காத்து அடிக்குது யக்கா, கயிறு தளரும், யாருனா பாத்துக்கணும்" என்று கடைசி வரை கயிற்றையே பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "பார்சல் கட்டிடு. அம்சா கூட உக்காந்து துன்னாதான் எனக்கு எறங்கும்." அம்சா அவர் சம்சாரம். அவர்கள் வீடு காலனியில். அவர் அப்பா காலத்தில் குடும்பமே அச்சரப்பாக்கத்துப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டது. இவர் மட்டும் லாரி ஷெட்டில் கோணி ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். வலது உள்ளங்கையில் ஒரு தோல் பட்டை கட்டியிருப்பார், ஊசியின் பின்பக்கத்தை அழுத்த. அந்தத் தோலில் நடுவில் ஒரு குழி. கோயிலில் கும்பிடும்போதுகூட அதைக் கழற்ற மறந்து, தோலோடு கும்பிட்டுக்கொண்டு நிற்பார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆவணியில் அந்த வண்டி வந்தது.

ஜானகிராமன் சார் அணு நிலையத்தில் வேலை பார்த்தவர். கும்பகோணத்துப் பக்கம். கல்பாக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். மாமல்லபுரத்தில் நரசிம்மன் லாட்ஜின் கொல்லையில் வெள்ளைக்காரத் தம்பதி விட்டுப்போன ஒரு வண்டி பல வருஷமாக வேப்பஞ்சருகில் புதைந்து கிடந்தது. அதை வாங்கி, ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தார். குவார்ட்டர்ஸில் நிறுத்த இடம் இல்லை என்று என் கடைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் நிறுத்தினார். பார்த்தால் சக்கரம் வைத்த பெரிய பெட்டி, அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு கைப்பிடி இருந்தது. அதைப் போட்டுச் சுற்றினார். பெட்டியின் மேல்மூடி மெல்ல எழும்பியது. கூடவே நாலு பக்கமும் கெட்டிக் கித்தான் துணிச் சுவர் எழும்பியது. இரண்டு பக்கமும் பலகையை இழுத்தால் இரண்டு படுக்கை. ஜன்னலுக்கு வலை. உள்ளே ஒரு சின்ன மேடை, அடுப்பு வைக்க.

படுதா தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த லாரி டிரைவர் ராஜாராம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "இன்னாடா இது, பொட்டியிலேருந்து வூடு வருது! பொண்ணு மாப்ள எங்க?"

கித்தான்தான் நாசமாக இருந்தது. மடித்து வைத்த மடிப்பெல்லாம் விட்டுப்போய், கடல் பக்கத்துச் சுவரில் ஒரு குழந்தை உயரத்துக்குக் கிழிசல். எலியும் தன் பங்கைச் செய்திருந்தது. கண்ணாயிரம் சுற்றி வந்தார். கித்தானை விரலால் சுண்டினார், மோந்து பார்த்தார். இந்த மாதிரி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும், "படுதான்னா படுதாதான் சார். ஆவும்" என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு ஒரு ஆசை தெரிந்தது. லாரிக்குத் தைத்தால் ஒரு மூட்டையை மூடும். இது மனிதர்கள் தூங்கும் இடம்.

சாரின் வீட்டம்மா ஞானம்பாளும் கூட வந்திருந்தார். என் கடையில் எதுவும் சாப்பிட மாட்டார். கையோடு கூஜாவில் காபி இருக்கும். ஆனால் மனசு விட்டுப் பேசுவார். அவர்கள் பையன் ஆதித்யாவுக்குச் சின்ன வயசில் விஷக் காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டான் என்று ஆகிவிட்டதாம். பிழைத்தால் தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் வந்து ஸ்நானம் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். பையன் பிழைத்து, வளர்ந்து, காலேஜும் முடித்துவிட்டான். வேண்டுதல் அப்படியே நிற்கிறது.

"ஏம்மா போகலை?" என்று கேட்டேன்.

"எங்கே தங்கறது? லாட்ஜ்லே யார் யாரோ படுத்த படுக்கை. என்னாலே முடியாதும்மா. சமையலும் அப்படித்தான். எங்க அம்மா வளர்த்த வளர்ப்பு அது, இனிமே மாறுமா? சாமிக்குக் கடன் வச்சுண்டு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கறது." பிறகு அந்தப் பெட்டியைக் கண்ணால் காட்டிச் சிரித்தார். "அதான் இவர் எனக்கு ஒரு ஆத்தையே வாங்கிட்டார்."

கடவுளுக்குக் கொடுத்த வாக்கு நிற்கிறதென்றால் அந்தக் கனம் எனக்குத் தெரியும். தை அமாவாசைக்குள் இந்த வண்டி தயாராக வேண்டுமே என்று நானும் திருக்கழுக்குன்றம் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

அன்றைக்கே ஞானம்பாள் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே ஏறிவிட்டார். ஈரத் துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். அடுப்பு மேடைக்கு மேலே ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டினார். வாசற்படியை ஒட்டி வண்டியின் உள்தரையில் அரிசி மாவைக் கரைத்து இழைக்கோலம் போட்டு, காவியும் இட்டார். புது வீட்டுக்குக் குடிபோகும் பெண்ணின் சந்தோஷம் அது. யாரையும் மனசில் வைத்து அவர் செய்யவில்லை.

கண்ணாயிரம் அப்போது நூலும் ஊசியுமாக உள்ளே ஏறுவதற்காகப் படியில் ஒரு காலை வைத்திருந்தார். கோலத்தைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். காலைக் கீழே எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் உள்ளே போகவே இல்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. ஒரு தடவை சார்தான், "உள்ளே போய்த் தைக்க வேண்டாமாய்யா?" என்று கேட்டார். "வெளிய இருந்தே ஆவும் சார். உள்ள ஒரே வெக்கை."

லாரிப் படுதாவென்றால் தரையில் விரித்துப் புரட்டிப் புரட்டித் தைக்கலாம். இந்தக் கித்தான் பெட்டியோடு தகடு வைத்து அடிக்கப்பட்டிருந்தது. கழற்றினால் மறுபடி சேராது. இதில் ஒட்டுப் போட வேண்டுமென்றால் ஊசி வெளியே இருந்து உள்ளே போக வேண்டும், உள்ளே இருந்து வெளியே வர வேண்டும். உள்ளே ஒரு கை இல்லாமல் நடக்காது. கண்ணாயிரம் என்ன செய்தார் என்றால், மெத்தை தைக்கிறவர்கள் வைத்திருப்பது போன்ற வளைந்த ஊசி ஒன்றைச் செய்துகொண்டார். வெளியே நின்றபடியே குத்தி, வெளியே எடுத்தார். பார்வைக்கு வரிசை தப்பாத தையல். மேலே மெழுகு தேய்த்து, வெயிலில் உருக விட்டார். கை வைத்தால் வழுக்கும்.

டீ குடிக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "தையலு மேல் தோலதான் புடிச்சிகீது யக்கா. கிழிஞ்ச ஓரம் உள்ள சும்மா தொங்கிகினு கீது."

"தாங்குமா?"

அவர் வானத்தைப் பார்த்தார். "தாங்கணும்."

ஐப்பசியில் வேலை முடிந்தது. ராமேஸ்வரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி பக்கத்தில் தங்கிப் பார்க்கலாம் என்று சாரும் அம்மாவும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புக்குப் புறப்பட்டார்கள். அம்மா வண்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அன்னிக்குப் போட்ட கோலம் அப்படியே இருக்கு, பாருங்கோ. ஒரு இழை கலையலை. எவ்வளவு சுத்தமா வேலை பார்த்திருக்கான்!"

கண்ணாயிரம் தலையைக் குனிந்து நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அடுப்பைக் குனிந்து ஊதினேன். ஊதத் தேவையில்லாத அடுப்பு.

அன்றைக்கு ராத்திரி மழை கொட்டியது. மறுநாள் காலையில் ஜீப் திரும்பி வந்தபோது, பின்னால் வந்த பெட்டியிலிருந்து தண்ணீர் வழி நெடுக ஒழுகியிருந்தது. மெத்தை, தலையணை, மடிப்புடவை, அரிசி, எல்லாம் போச்சு. ஒட்டுக்கும் கித்தானுக்கும் நடுவில் தண்ணீர் பை மாதிரி தேங்கி, அம்மா படுத்திருந்த பக்கம் மொத்தமாகக் கொட்டியிருக்கிறது. பிள்ளையார் படம் சாயம் கலைந்து ஒரு பக்கம் தொங்கியது.

ராஜாராம் அன்றைக்கும் இருந்தார். "இன்னா கண்ணாயிரம், மழை மொத்தம் உன் ஒட்டு வழியாத்தான் வந்துச்சாமே?" சிரித்தவர்கள் சிரித்தார்கள்.

ஜானகிராமன் சார் அதிர்ந்து பேசாதவர். அன்றைக்குத் தூக்கமில்லாத கண்ணோடு உள்ளே ஏறி, கித்தானின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஒட்டின் விளிம்பு கையோடு வந்தது. "என்னய்யா இது? உள்ளே ஒரு தையல்கூட இல்லையே! இத்தனை நாள் வேலை பார்த்தியே, ஒரு நாளாவது உள்ளே ஏறிப் பார்த்தியா இல்லையா?"

கண்ணாயிரம் அந்த நசுங்கிய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாசலில் போட்ட கோலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது இதுதான்:

"சோம்பேறித்தனம் சார். தப்பு என்னுதுதான்."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது. கிளாஸ் சின்னது, உள்ளே வெக்கை என்பதையெல்லாம் சேர்க்காமல் சொல்கிறேன்.

ஞானம்பாள் அம்மா ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்த கை அப்படியே நின்றுவிட்டது. அவர் வண்டியின் வாசற்படியைப் பார்த்தார். பிறகு கண்ணாயிரத்தின் காலைப் பார்த்தார். நேற்று தான் எல்லார் முன்னாலும் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் சட்டென்று இறங்கிவிட்டது. சார் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "ஏன்னா, போதும், வாங்கோ" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். வண்டியைக் கழற்றி மனையில் விட்டதோடு சரி, ஈரச் சாமான்களைக்கூட எடுக்கவில்லை. அதையெல்லாம் நான்தான் உலர்த்திக் கட்டி வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் கண்ணாயிரம் மரத்தடியில் முதுகை ரோட்டுக்குக் காட்டி உட்கார்ந்தார். எந்தப் படுதாவையும் தூக்கி விரித்துப் பார்க்கவில்லை. எப்போதோ தைத்துக் கொடுத்த லாரிகளைக்கூட மறித்து, "தையல் விட்டுகிதா பாரு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். டீக்கு வரவில்லை. கடைசியில் அம்சா என் கடைக்கு வந்து நின்றாள்.

"யக்கா, இது மூணு வேளையும் சோத்தப் பெசஞ்சிட்டு வச்சிடுது. இன்னான்னு கேளு."

கேட்க வேண்டிய தேவையே இல்லை, அவளுக்கே எல்லாம் தெரிந்திருந்தது. கண்ணாயிரமும் பின்னாலேயே வந்துவிட்டார். அவள் அவர் பக்கம் திரும்பினாள். "உன்னிய நீயே சோம்பேறின்னு சொல்லிகினியா? இந்த ரோட்டுல எவனாவது உன்னிய சோம்பேறின்னு சொல்லிகிறானா? அந்தம்மா போவாதேன்னா சொல்லுச்சி? நீயா நின்னுகின. இல்ல, கோலம் போட்டு வச்சா நான் எப்டி ஏறுவேன்னு கேக்க வேண்டிதான?"

"அந்தம்மா மூஞ்சிக்கு நேரா அத எப்டிச் சொல்றது?"

"இன்னாத்துக்கு சொல்லக் கூடாது?"

"சொன்னா அது எங்க போயி மூஞ்சிய வச்சிக்கும்?" என்றார் கண்ணாயிரம். அம்சா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அந்தப் படுதாவும், மஞ்சள் சுடிதாரும், தூக்கிப் பிடித்த இரண்டு கைகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

கார்த்திகை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை ஞானம்பாள் அம்மா தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் கூஜா. நேராக என் கடைக்கு வந்து ஒரு வாளி தண்ணீர் கேட்டார். வண்டியில் ஏறி, மண்டி போட்டு, அந்தக் கோலத்தைத் துடைத்தார். காவி போகவில்லை. தேங்காய் நார் கேட்டு வாங்கித் தேய்த்தார். தரை வெறும் தரையான பிறகு வாசலில் வந்து நின்றுகொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"கண்ணாயிரம், உள்ளே வாங்கோ. உள்ளே வந்து தைங்கோ."

அதுவரை "ஏம்ப்பா" என்றுதான் கூப்பிடுவார். கண்ணாயிரம் எழுந்து வந்தார். "காலெல்லாம் சேறும்மா" என்றார். என் தொட்டியில் காலைக் கழுவினார். குதிகாலைக் கல்லில் தேய்த்து மறுபடி கழுவினார். அதற்கு மேல் கழுவ ஒன்றுமில்லை. படிக்குப் பக்கத்தில் போய், கதவுச் சட்டத்தில் கை வைத்தார். ஒரு பாதத்தைத் தூக்கினார். அந்தப் பாதம் அந்தரத்தில் நின்றது. நான் ஈஸ்வரா என்று சொல்லிக்கொண்டேன். பாதம் மறுபடி தரைக்கே வந்துவிட்டது.

"நீங்க உள்ள உக்காருங்கம்மா. நான் குத்தி விடறேன். ஊசிய இஸ்து, திருப்பிக் குத்தி விட்டா போதும்."

ஞானம்பாள் அம்மாவின் கண்ணில் நீர் நின்றது. கோலத்தைத் துடைத்துவிட்டால் போதும் என்று நினைத்து வந்திருப்பார். படுக்கைப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

காலையிலேயே வேலை ஆரம்பித்தது. பழைய ஒட்டைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைத்தார்கள். கித்தானுக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் கண்ணாயிரம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஊசி மட்டும் போய்ப் போய் வந்தது.

"ஊசி வருது, விரல எட்துக்கங்க."

"ம், வந்துடுத்து."

"இஸ்துட்டுச் சொல்லுங்கம்மா. நூலு தொங்குது."

"இழுத்துட்டேனே!"

"இன்னும் இழுங்க. கோவிச்சிகினு இழுக்கற மாதிரி இழுங்க."

"யார் மேலே கோவிச்சுக்கறது?"

"சார் மேல கோவிச்சிகினு இழுங்க."

உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அடுத்த தையல் நன்றாக இறுகியது. நடுவில் ஒரு தடவை அம்மா "ஸ்" என்றார். கித்தானின் வெள்ளையில் ஒரு சிவப்புப் பொட்டு ஊறி இந்தப் பக்கம் தெரிந்தது. கண்ணாயிரம் ஊசியை விட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் போய்விட்டார். முகம் செத்துப்போயிற்று.

"ஒண்ணுமில்லை. தைங்கோ" என்றது உள்ளே இருந்த குரல். நாலு தையல் தாண்டி அதே குரல், "இந்தத் துணிக்கு அந்தண்டை நீங்க, இந்தண்டை நான். உள்ளே வரதுலே என்ன கஷ்டம், கண்ணாயிரம்? நான் கூப்பிட்டது சரியில்லையா?"

"அய்யோ, அப்டில்லாம் இல்லம்மா. கூப்ட்டீங்களே, அதுவே போதும். காலுதான் ஏற மாட்டேங்குது." நூலை மெழுகில் இழுத்து, "ஊசி வருது" என்றார்.

மத்தியானம் இரண்டு பேரும் வேலையை நிறுத்தினார்கள். அம்மா உள்ளேயே உட்கார்ந்து கூஜாவைத் திறந்தார். கண்ணாயிரம் வெளியே நிழலில் உட்கார்ந்து தன் டம்ளரை என்னிடம் நீட்டினார். என் கடைக்கு எத்தனையோ ஜனங்கள் வந்து போனார்கள். என் கிளாஸில் ஒரு வாய் குடிக்காதவர்கள் இந்த இரண்டு பேர்தான். நான் ஊற்றிவிட்டு, கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

தை அமாவாசைக்கு அவர்கள் ராமேஸ்வரம் போய் வந்தார்கள். வழியில் ஒரு ராத்திரி நல்ல மழையாம். உள்ளே ஒரு சொட்டு விழவில்லையாம். ஞானம்பாள் அம்மா தீர்த்தச் சொம்பைக் கொண்டுவந்து கண்ணாயிரத்தின் கையிலேயே வைத்தார், விரலில் விரல் படும்படி. அவர் உள்ளங்கைத் தோலைக் கழற்ற மறந்து, அதோடேயே வாங்கிக்கொண்டார். அம்மா ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

சாருக்கு வேலை ஓய்வு வந்ததும் அவர்கள் கும்பகோணத்துக்கே போய்விட்டார்கள். போகும்போது வண்டியைக் கண்ணாயிரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது அவருடைய பொருள். மரத்தடிக்கு இழுத்துப் போட்டு, கைப்பிடியைச் சுற்றி எழுப்பி வைத்தார். காலனிப் பிள்ளைகள் முழுப் பரீட்சை லீவில் அதற்குள்ளேதான் இருக்கும். சேற்றுக் காலோடு ஏறும், குதிக்கும், பலகையில் படுத்துத் தூங்கும். அவர் அதட்டவே மாட்டார். "ஏறுங்க, ஏறுங்க, அது படுதாதான்" என்பார். அவர் அதன் படியில் உட்கார்ந்து தைப்பார். மழை வந்தால் படுதாவைத் தலையில் போட்டுக்கொண்டு அதே படியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே போய் உட்காரக் கூடாதா என்று ராஜாராம் ஒரு நாள் கேட்டார். "இங்க காத்து நல்லா வருது" என்றார் கண்ணாயிரம்.

ரோட்டை அகலப்படுத்தியபோது என் கடை போயிற்று. இரண்டாயிரத்தேழில் நான் நாவலூருக்குப் புறப்பட்டேன். அங்கே கம்பெனிக்காரர்களை ஏற்றி இறக்கும் வேனில் என் மகனுக்கு டிரைவர் வேலை. இரண்டாவது மாடியில் ஒரு வீடு. சாமான்களை டெம்போவில் ஏற்றினோம். கண்ணாயிரம் தன் படுதாவிலேயே நல்லதாக ஒன்றைக் கொண்டுவந்து மேலே போட்டு, கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினார். முடிச்சு ஒவ்வொன்றையும் உள்ளங்கைத் தோலால் அழுத்திப் பார்த்தார். தலையில் நரை விழுந்துவிட்டது. கைமட்டும் அதே கை.

கடைசி டீயை அவர் டம்ளரில் ஊற்றினேன். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றேன்.

"கண்ணாயிரம், நீயும் அம்சாவும் அங்கே வரணும். சும்மா சொல்லலை. உள்ளே வந்து உட்கார்ந்து, என் கையால் ஒரு வேளை சாப்பிடணும்" என்றேன்.

அவர் டம்ளரைக் கழுவி, உதறி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கட்டின கயிற்றையே மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். டெம்போ கிளம்பி நகர ஆரம்பித்த பிறகுதான், கூடவே இரண்டு எட்டு நடந்து வந்து, சிரித்துக்கொண்டே சொன்னார்:

"வரேன் யக்கா. வெளிய இருந்து தைக்கிற மாதிரி எதுனா வேலை இருந்தா சொல்லி அனுப்பு."